விட்டுப்போன சைபர்

"ஒரு ஆளுக்கு எதுக்குங்க அஞ்சு வீல்சேர்?"

திருவள்ளூர் நுகர்வோர் கோர்ட்டில், தலைவர் அம்மா கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு கேட்டார். லோகு இதை எதிர்பார்க்கவில்லை. வக்கீல் வைக்க வசதியில்லாமல், வாய்தாவுக்கு வாய்தா லீவு போட்டு வந்து தானே பேசிக்கொண்டிருந்தான்.

"எத்தினி வாங்கினா இன்னா மேடம்? வெல போட்டது அவங்கதானே. நாப்பத்திரண்டாயிரம் ரூபா வண்டிய நாலாயிரத்து எரநூறுன்னு போட்டாங்க. காசு கட்டிட்டேன். ஆர்டர் கன்ஃபர்ம்னு மெசேஜும் வந்துச்சு. மத்தியானம் கேன்சல்னா இன்னா நியாயம்?"

ஆன்லைன் கடையின் மேனேஜர் ராஜமாணிக்கம் எழுந்தார்.

"காசைத் திருப்பிக் குடுத்துட்டோம் மேடம். எங்க ஸ்டாஃப் ஒரு சைபர் போட மறந்துட்டாங்க. கைத்தவறு. அந்தப் பொண்ணையே கூட்டிட்டு வந்திருக்கேன்."

பின் வரிசையில் இருந்து ஒரு பெண் எழுந்தாள். பெயர் ஷைனி.

"ஆமா மேடம். என் தப்புதான்" என்றாள். தலை நிமிரவில்லை.

லோகு அவளை முறைத்தான்.

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் இரும்பு உருக்கும் கம்பெனியில் அவனுக்கு வேலை. அவன் மனைவி ஜோதிலட்சுமியும் பக்கத்துக் கம்பெனிக்குத்தான் போய்க்கொண்டிருந்தாள். ஒரு நாள் ஷிஃப்ட் முடிந்து திரும்பும்போது வேன் கவிழ்ந்தது. அவளுக்கு இடுப்புக்குக் கீழே உணர்வே போயிற்று. கான்ட்ராக்ட் ஆள்தானே என்று கம்பெனி கையை விரித்துவிட்டது.

அவன் வேலைக்குப் போய்விட்டால் அவளைத் தூக்கி உட்கார வைக்க வீட்டில் ஆளில்லை. பேட்டரி வீல்சேர் ஒன்று இருந்தால் போதும். அந்தக் கடைக்குப் போன் போட்டு, விலை குறையுமா, தவணையில் கிடைக்குமா என்று கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோனான். தினமும் காலையில் ஷிஃப்டுக்குக் கிளம்பும்போது போனில் அந்த வண்டியின் விலையைப் பார்ப்பான். பெருமூச்சு விடுவான். போவான்.

ஒரு நாள் பார்த்தால், நாலாயிரத்து இருநூறு.

அவசர அவசரமாக ஒன்று என்று போட்டான். அப்புறம்தான் புத்தி வேலை செய்தது. ஒன்று அவளுக்கு. மேலே நாலு எடுத்து வெளியே விற்றால்? வண்டிக்கென்று சேர்த்து வைத்திருந்ததை மொத்தமாகத் துடைத்து, ஒன்றை ஐந்தாக மாற்றினான்.

"கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க" என்றார் தலைவர் அம்மா. "ஒண்ணு மனைவிக்கு. மீதி நாலு?"

"சொந்தக்காரங்களுக்கு மேடம்."

"நாலு பேராலயும் நடக்க முடியாதா?"

தலைவர் அம்மா பேனாவைக் கையில் எடுத்தார்.

"வித்து லாபம் பாக்கறதுக்காக வாங்கறவரை நுகர்வோர்னு சட்டம் ஏத்துக்காதுங்க."

மனு தள்ளுபடி ஆனது.

வெளியே வந்தபோது ராஜமாணிக்கத்தின் கார் கிளம்பிப் போய்விட்டிருந்தது. படிக்கட்டில் ஷைனி மட்டும் பையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளைப் பார்த்ததும் லோகுவுக்கு உள்ளே அடக்கி வைத்ததெல்லாம் பொங்கிக்கொண்டு வந்தது.

"ஒரு சைபர் ஒழுங்கா அடிக்கத் தெரியல. உனக்கெல்லாம் எவன்மா வேலை குடுத்தான்? வண்டி வருதுன்னு அன்னிக்கித் தலை வாரி, பூ வச்சிகினு காத்துகினு இருந்தா என் பொண்டாட்டி. அன்னியிலேர்ந்து அவ என்னாண்ட சரியாப் பேசறதுகூட இல்ல. தெரியுமா உனக்கு?"

"வேலை அப்பவே போயிடுச்சுண்ணா" என்றாள் ஷைனி. "இங்க வந்து தப்ப ஒத்துகினா போலீசுக்குப் போக மாட்டோம்னாங்க. அதான் வந்தேன்."

"பண்ணதுக்கு அனுபவி."

விறுவிறுவென்று படியிறங்கினான்.

"ஜோதி அக்காவுக்கு முதுகுப் புண்ணு ஆறிடுச்சாண்ணா?"

லோகு நின்றான். திரும்பினான்.

"அவள உனக்கு எப்படித் தெரியும்?"

"நீங்க கடைக்குப் போன் பண்ணப்பல்லாம் நான்தானே எடுத்தேன். அக்காவப் பத்தி எவ்ளோ சொல்லியிருக்கீங்க. ஒரு வாட்டி தவணை கேட்டுகினு இருந்தீங்க. நான் இல்லண்ணான்னு சொல்லிட்டேன். அப்ப அக்கா பின்னாடிலேர்ந்து, 'வுடுய்யா, நான் தவழ்ந்துகினே போய்க்கிறேன்'னு சொன்னாங்க."

அவள் பையை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"அதுக்கப்புறம் எனக்குச் சோறே எறங்கலண்ணா. தினம் காலைல வெல பாப்பேன்னு நீங்கதான் சொன்னீங்க. அந்த நேரம் பாத்து நானேதான் ஒரு சைபர எடுத்தேன். உங்க ஆர்டர் வந்ததும் மறுபடி போட்டுட்டேன். வேற யாரும் அந்த வெலயப் பாக்கல."

லோகு இறங்கிய படிகளில் மறுபடி ஏறி வந்தான்.

"ஒண்ணே ஒண்ணுன்னா, 'கைதவறிப் போச்சு சார், என் சம்பளத்துல மாசாமாசம் புடிச்சுக்கங்க'ன்னு சொல்லிடலாம்னு இருந்தேன்" என்றாள் ஷைனி. "அஞ்சுக்கு என்னால முடியலண்ணா."