தினமும் ரெண்டு சொம்பு

“ஒண்ணு இந்தத் தொட்டிங்க இருக்கணும், இல்ல என் நாற்காலி இருக்கணும். ரெண்டுக்கும் இந்த பால்கனி பத்தாது, சொல்லிட்டேன்!”

மெத்தைக்கடை மேனேஜர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். அவர் கண் வைத்திருந்தது கடையில் விற்காமல் தேங்கிப்போன ஒரு சாய்வு நாற்காலி மேல். காலை நீட்டினால் முதுகு தானாகப் பின்னால் சாயும். நாளெல்லாம் மெத்தை மேல் உட்கார்ந்து மெத்தை விற்கிற மனுஷனுக்கு வீட்டுக்கு வந்ததும் அப்படி என்ன களைப்போ, அவரைத்தான் கேட்க வேண்டும்.

அவர் மனைவிக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. மிளகாய் வளர்க்கும் ஆசை போன வருஷம்தான் பிடித்தது. முதல் தடவை, பாசத்தில் தண்ணீராக ஊற்றி வேர் அழுகியே செடி செத்தது. இரண்டாம் தடவை நன்றாகக் காய்த்தது. ஆனால் கடித்தால் வெள்ளரிக்காய்! “கைக்குழந்தைக்கே கொடுக்கலாம்” என்று மேனேஜர் பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்லிச் சிரித்தார். அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

இது மூன்றாம் தடவை. செடி விற்கிறவரிடம் அரை மணி நேரம் விசாரித்துவிட்டு வந்து, நாலு தொட்டியில் வைத்திருந்தாள். பிஞ்சு விட்டிருந்தது.

“இந்தத் தடவை காரமா வரும்ங்க.”

“வந்தா?”

“பால்கனி எனக்கு. நாற்காலிப் பேச்சையே எடுக்கக் கூடாது.”

“வரலைன்னா?”

“நாலு தொட்டியையும் நானே தூக்கிக் கீழ்வீட்டுக்குக் கொடுத்துடறேன்.”

சாட்சிக்கு அவள் தம்பி உட்கார்ந்திருந்தான். தீயணைப்பு நிலையத்தில் வேலை பார்ப்பவன். “நாலு வாரம் கழிச்சு வர்றேன் மாமா. நீங்களே கடிச்சுப் பாருங்க. தீப்பிடிச்சா நான் இருக்கேன்” என்றான்.

“எனக்குக் காலைல ஆறு மணி டூட்டி. தண்ணி மட்டும் நீங்க ஊத்திடுங்க. தொட்டிக்கு ரெண்டு சொம்பு, தினமும்” என்றாள் மனைவி.

மேனேஜருக்கு உள்ளுக்குள் குளுகுளு என்றிருந்தது. பந்தயம் கட்டினவளே கடிவாளத்தைக் கையில் கொடுக்கிறாளே! தண்ணீர் காணாத செடியில் காய் எங்கே நிற்கப்போகிறது? நின்றாலும் அந்தச் சருகில் காரம் எங்கிருந்து வரப்போகிறது?

மறுநாளே வேலையை ஆரம்பித்தார். வேலை என்றால், வேலை செய்யாமல் இருப்பது. அதில் அவருக்கு இருபது வருஷ அனுபவம். எட்டு மணிக்கு எழுந்து, சொம்பை மட்டும் குழாயில் நனைத்து, தொட்டிக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைப்பார். தண்ணீர் ஊற்றியதற்கு அத்தாட்சியாம்.

“இன்னிக்கு ஊத்தினீங்களா?” என்பாள் சாயங்காலம்.

“பின்னே? ரெண்டு சொம்புக்கு மேல ஒரு சொட்டு ஊத்தலை.”

அது பொய்யில்லைதானே!

“இலையெல்லாம் துவண்டு போச்சேங்க…”

“வெயில்மா! சூரியனை நானா அணைச்சு வைக்க முடியும்?”

ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவள் தொட்டிக்கு அரைச் சொம்பு ஊற்றுவாள். அதைக் குடித்துவிட்டுச் செடி எப்படியோ உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தது. மிளகாயோ சுண்டுவிரலில் பாதிதான், அதுவும் சுருங்கிப்போய். மேனேஜர் அதைப் பார்த்துப் பார்த்துப் பூரித்தார். கடையில் அந்த நாற்காலிக்கு ‘விற்றாகிவிட்டது’ என்று அட்டைகூட மாட்டிவிட்டார்.

நாலு வாரம் முடிந்தது. தம்பி வந்தான். மனைவி ஒரு தட்டில் மிளகாய்களைப் பறித்துக்கொண்டு வந்து வைத்தாள்.

“இதுவா மிளகாய்? என்ன, உடம்பு கிடம்பு சரியில்லையா இதுக்கு?”

“பாதி கடிச்சாப் போதும் மாமா.”

“பாதியா? என்னை யாருன்னு நினைச்சே மாப்ள!”

முழுசாக எடுத்து வாயில் போட்டார். கண்ணை மூடிக்கொண்டு நிதானமாக மென்றார். “பச்சைத் தண்ணி மாதிரி…” என்று ஆரம்பித்தவர் அதை முடிக்கவில்லை.

முதலில் காது சிவந்தது. அப்புறம் மூக்கு. நாலு வாரமாகச் செடிக்குக் கிடைக்காத தண்ணீரெல்லாம் அவர் கண்ணிலிருந்து கொட்டியது. “அய்யோ அம்மா!” என்று அடுப்படிக்கு ஓடி, சர்க்கரை டப்பாவை அப்படியே வாயில் கவிழ்த்துக்கொண்டார். கண்ணைத் துடைத்தார், மிளகாயைப் பிடித்த அதே கையால். அதற்குப்பின் அவர் குதித்த குதியில் கீழ்வீட்டுக்காரரே மேலே வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

“எப்படிடி? எப்படி இவ்வளவு காரம்?” என்று அலறினார். “நான்தான் ஒரு நாள்கூட, ஒரு சொட்டுத் தண்ணிகூட ஊத்தலையே!”

தம்பி துள்ளி எழுந்தான். “கேட்டியாக்கா அநியாயத்தை! நாலு வாரமா உன்னை ஏமாத்தியிருக்காரு!”

மனைவி ஒரு டம்ளர் பாலை அவர் கையில் கொடுத்தாள்.

“தெரியும்டா. பிஞ்சு விட்ட பிறகு செடியைக் காயப்போட்டாத்தான் காரம் ஏறும்னு செடி விக்கிறவர் சொன்னார். ஞாயித்துக்கிழமை அரைச் சொம்போட நிறுத்தறதுக்கே என் கை படாத பாடு பட்டுச்சு. மத்த ஆறு நாளும் என்னடா பண்றது? அதான், சொன்ன வேலையை ஒரு நாளும் செய்யாத ஆளாப் பார்த்து, தினமும் ரெண்டு சொம்பு ஊத்தச் சொன்னேன்.”