கழுதையின் கண்

கற்பூரம் அணைத்துச் சொல்கிறேன், இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. மலைப்பாதையில் போன உப்பு வியாபாரி பலவேசத்தை, பனைமரத்தைத் தடியாக வைத்திருந்த ராட்சசன் கழுதை மேலிருந்து தூக்கினான். "உப்பும் கையுமா வந்திருக்கியே, நல்ல பயல்ல நீ!" என்று வாயைத் திறந்தான். முந்தாநாள் தின்ற ஆட்டின் மணி பல்லிடுக்கில் கிணுகிணுத்தது. பலவேசம் கழுதையைக் கைகாட்டினான். "அண்ணாச்சி, கழுதை உங்க வாயையே பாக்குது. பாக்க வச்சுத் தின்னா வயித்தால போகும்" என்றான். ராட்சசன் ஏற்கெனவே ஒருமுறை பட்டவன். "எழவு, அதுக்கு என்னல குடுக்கணும்?" "ஒரு வாய் புல்லு, அண்ணாச்சி." "அசையாம இருல" என்று அவனைப் பாறை மேல் உட்காரவைத்துவிட்டுப் புல் பிடுங்கப் போனான். பலவேசம் கழுதையில் ஏறித் தப்பினான். இதையெல்லாம் கண்ணால் கண்ட சாட்சி அந்தக் கழுதை ஒன்றுதான். அது பிறவிக் குருடு.