நீளாத கை

நீதிமன்றப் படியில் பனி உறைந்து கிடந்தது. திர்ஸா வழுக்கி, கைப்பிடிக் கம்பியைப் பற்றிக்கொண்டாள்.

இரண்டடி தள்ளி வந்த அவள் கணவன் நஃப்தலியின் கை நீண்டது. பாதியில் நின்றது. பிறகு கோட்டுப் பைக்குள் போய்விட்டது.

வாசலில் இருந்த பெண் காவலர்தான் ஓடிவந்து தாங்கிப் பிடித்தார்.

"ஏங்க, கட்டின பொண்டாட்டி விழுறா, மரம் மாதிரி நிக்கிறீங்களே!"

நஃப்தலி தலையைக் குனிந்துகொண்டான். திர்ஸாவுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அந்தக் கையைத் தானே எட்டிப் பிடித்திருந்தால்தான் என்ன என்று ஒரு கணம் ஏங்கினாள்.

அவள் வழக்கை எதிர்த்துப் பதாகை பிடித்து நின்றவர்களும் பார்த்தார்கள். பிள்ளை வேண்டாமென்று வழக்குப் போட்டவளுக்குப் புருஷனே துணையில்லை பார் என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது.

அரசு வழக்கறிஞரும் அதே படியில்தான் ஏறிக்கொண்டிருந்தார். ஒரு கணம் திரும்பிப் பார்த்துவிட்டு உள்ளே போனார்.

கருக்கலைப்பைத் தடுக்கும் புதிய சட்டம் தன் மதக் கடமைக்குக் குறுக்கே நிற்கிறது என்பது திர்ஸாவின் வழக்கு. சாட்சிக் கூண்டில் ஏறி, நடந்ததைச் சொன்னாள்.

முதல் கர்ப்பத்தின் ஐந்தாம் மாதம். ரத்தம் நிற்கவேயில்லை. தங்கள் யூத மதகுருவான ரப்பியைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டார்கள். அவர் யோசிக்கக்கூட இல்லை. பிள்ளை வெளியே வரும்வரை தாயின் உயிர்தான் முதலில், அதைக் காப்பாற்றிக்கொள்வது உன் கடமை, தயங்காதே என்றார்.

அன்றைக்கு இந்தச் சட்டம் இல்லை. மருத்துவர்கள் உடனே கருவைக் கலைத்தார்கள். பிள்ளை போயிற்று, அவள் பிழைத்தாள்.

அடுத்த முறையும் அப்படியே ஆகலாம் என்று அந்த மருத்துவர்களே சொல்லியிருந்தார்கள். ஆனால் இனிமேல் வக்கீலைக் கேட்காமல் தொடமாட்டார்களாம். கர்ப்பம் தங்காமலிருக்க மாத்திரை கொடுத்தார்கள், அவள் உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை. மற்ற வழிகளை முழுசாக நம்ப முடியாது என்றும் சொல்லிவிட்டார்கள்.

அரசு வழக்கறிஞர் எழுந்தார். மரியாதையான மனிதர். குரலை உயர்த்தவேயில்லை.

"உங்க மதத்த நான் மதிக்கிறேம்மா. ஆனா நீங்க இப்ப கர்ப்பமா இல்ல. பிள்ள ஆசை இருக்கிற மாதிரியும் தெரியல. காலைல உங்க வீட்டுக்காரர் கைகூடக் குடுக்கல, நானே பாத்தேன். அப்ப இந்தச் சட்டம் உங்ககிட்டேருந்து எதைப் பறிச்சுது?"

திர்ஸாவின் முகம் சூடேறியது. கூடப் பிறந்தவளிடம்கூடப் பேசாத விஷயம் அது. பதில் சொல்லாவிட்டால் வழக்கு நிற்காது.

"மாசவிலக்கு முடிஞ்சு, நாள் கணக்கு முடிஞ்சு, சடங்குக் குளத்துல முழுகி எழுந்தாத்தான் எங்கள்ல புருஷன் பொண்டாட்டியோட கையக்கூடத் தொடலாம். முழுகிட்டா அன்னிக்கு ஒண்ணாச் சேரணும். இந்தச் சட்டம் வந்ததுலேருந்து நான் முழுகல."

நீதிபதி எழுதுவதை நிறுத்தினார்.

வழக்கறிஞரின் குரல் தணிந்தது. "பயந்துகிட்டு அந்தப் பக்கமே போறதில்லையா?"

"போறேன். ஒவ்வொரு மாசமும் அந்த நாள் சாயங்காலம் நகம் வெட்டி, தலை குளிச்சு, சிக்கில்லாம வாரிக்கிட்டுப் போறேன். எனக்குப் பிள்ள வேணும். அவர் வேணும். குளத்து வாசல்ல நின்னு கதவுல கைய வைக்கிறேன். அதுக்கு மேல முடியல, திரும்பிடறேன்."

வழக்கறிஞர் வேறு கேள்வி இல்லை என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

பார்வையாளர் வரிசையில் நஃப்தலி எழுந்து நின்றுகொண்டிருந்தான். உட்காரும்படி இரண்டு முறை சொன்னார்கள். அவனுக்குக் கேட்கவில்லை.

அந்த மாலைகளிலெல்லாம் அவள் ரொட்டி வாங்கத்தான் போய்வருகிறாள் என்று அவன் நம்பியிருந்தான்.