மருந்தில்லாக் கேரட்

கேரட் பாத்தியை விட்டு எழ முடியாமல் உட்கார்ந்திருந்தாள் மனைவி. காலையிலிருந்து குனிந்து குனிந்து, இலை இலையாகப் புரட்டிப் புழு பொறுக்கியிருந்தாள்.

வேலை முடிந்து வந்த கணவனின் பையிலிருந்து ஒரு பாட்டில் எட்டிப் பார்த்தது.

“என்னங்க அது?”

“மருந்து. நீ படுற பாட்டைப் பார்க்க முடியல.”

“எத்தனை தடவைங்க சொல்றது? பிள்ளைங்க சாப்பிடுறது! பூண்டுத் தண்ணி தெளிச்சு, வலை கட்டி, கையாலேயே புழு எடுத்துக் காப்பாத்திட்டிருக்கேன். மருந்து இந்த வாசலைத் தாண்டக் கூடாது!”

அவன் வாய் திறப்பதற்குள் பாட்டிலைப் பிடுங்கி, உட்கார்ந்த இடத்திலிருந்தே சுவரோரச் சாக்கடையில் கவிழ்த்தாள்.

தைல வாசனை குப்பென்று வந்தது.

“ஐயையோ... இது?”

“உன் இடுப்பு வலிக்கு வாங்கினது.” அவன் அலுப்போடு படியில் உட்கார்ந்தான். “விடு. இனிமே சாக்கடைக்கு இடுப்பு வலி வராது.”