மூணு பேருக்கு ஒரு பொட்டலம்

"மூணு பேருக்கு ஒரு பொட்டலம் போதும்!" என்றாள் சம்லி, கோயில் பூஜைச் சாமான் கடையில் பத்து பேருக்குக் கேட்கிற மாதிரி.

ஜின்தனாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நாளைக் காலையில் அவள் புருஷன் தவினுக்கு வலது கண்ணில் ஆபரேஷன். இடது கண்ணும் மங்கிக்கொண்டே வருகிறது. சாயங்காலத்துக்குள் ஆஸ்பத்திரியில் சேர்ந்தாக வேண்டும். அதற்குள் பெரிய புத்தரைக் கும்பிட்டுவிட வேண்டும் என்று அவளுக்குத் தவிப்பு.

"வருஷா வருஷம் முழங்கால் வலிக்காகப் போறவ நான். செலவே இல்லாம கூட்டிட்டுப் போறேன் வா" என்று தொற்றிக்கொண்டாள் பக்கத்து வீட்டு நூடுல்ஸ் கடைக்காரி சம்லி.

அந்த விஷயத்தில் அவள் சொன்ன சொல் தவறவில்லை. தனி வண்டி பிடிக்க விடவில்லை. ஷேர் பிக்கப் வண்டி நிறையும்வரை வெயிலில் காக்க வைத்தாள். கோயில் வாசலில் தாமரை விலை ஜாஸ்தி என்று சந்தையில் வாங்கினாள். தண்ணீர் வீட்டிலிருந்து, சாப்பாடு கோயில் அன்னதானத்தில்.

"அக்கா, நேரமாகுதே. திரும்பிப் போற வண்டி கிளம்பிடுச்சுன்னா?"

"என்னை விட்டுட்டுப் போக அந்த டிரைவருக்குத் தைரியம் இருக்கா?"

அண்ணாந்தால் கழுத்து வலிக்கும் உயரத்தில் பெரிய புத்தர். அவர் காலடியில், மேடை மேல், ஆளுயரத்துக்குச் சின்ன புத்தர். உடம்பில் எங்கே கோளாறோ, சின்னவர் உடம்பில் அதே இடத்தில் தங்க ரேக்கு ஒட்டி வேண்டிக்கொள்ள வேண்டும்.

பொட்டலத்தைப் பிரித்தார்கள். ஊதுபத்தி, மெழுகுவத்தி, நகமளவில் இரண்டு தங்க ரேக்கு.

ஒன்றைச் சட்டென்று எடுத்துக்கொண்டாள் சம்லி.

"அக்கா! ரெண்டு கண்ணுக்கு ரெண்டுன்னு நெனச்சேனே..."

"நாளைக்கு எந்தக் கண்ணு?"

"வலது."

"அப்ப ஒண்ணு போதும். இடதுக்கு அடுத்த தடவை பாத்துக்கலாம். இத்தாம் பெரிய உடம்பை வச்சுக்கிட்டு புத்தர் எங்க ஓடிடப் போறாரு?"

"நான் இன்னொரு பொட்டலம் வாங்கிட்டு வரேன்."

"அந்த வரிசையப் பாரு. வாங்கிட்டு வர்றதுக்குள்ள வண்டி போயிடும்."

வாசலில் ஹாரன் அடித்தது. ஜின்தனா வாசல் பக்கம் திரும்பினாள். தவின் அவள் தோளைத் தடவிப் பிடித்துக்கொண்டான்.

"விடு ஜின். அக்காவுக்கு முழங்கால் பாவம்."

"உங்களுக்குக் கண்ணு பாவமில்லையா?" அழுகையே வந்துவிட்டது.

சம்லி அதற்குள் நொண்டி நொண்டிக் கூட்டத்தில் புகுந்துவிட்டாள். வரிசையில் நின்ற நாலு பேர் திட்டினார்கள். காதிலேயே வாங்கவில்லை.

ஜின்தனா கையிலிருந்த ரேக்கு காற்றில் படபடத்தது. இதுவும் பறந்துவிட்டால்? உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, தவினை இழுத்துக்கொண்டு பின்னால் போனாள்.

முன்னால் மேடைப் படியில் சம்லி. ஒவ்வொரு படிக்கும் 'அம்மா' என்று முனகி ஏறிக்கொண்டிருந்தாள்.

சின்ன புத்தரின் முழங்கால் கீழேயிருந்தே கைக்கு எட்டுகிறது. இவள் எதற்கு மேலே ஏறி வழியை அடைக்கிறாள்?

"அக்கா, சீக்கிரம் ஒட்டிட்டு இறங்குங்க! ஹாரன் கேக்கலையா?" என்று கத்தினாள் ஜின்தனா.

"ஆச்சு, ஆச்சு. ஏன்டி பறக்கறே?" சம்லி ஒரு கையால் தன் முழங்காலை அழுத்திக்கொண்டு நிமிர்ந்தாள். "மேல வா. இடது கண்ணுக்கு நான் ஒட்டிட்டேன். வலதுக்கு நீ ஒட்டு. பொண்டாட்டி கை பட்டாத்தான் சரியா இருக்கும்."

ஜின்தனா அண்ணாந்து பார்த்தாள். சின்ன புத்தரின் இடது கண்ணில் புது ரேக்கு மின்னியது.

"அக்கா... அப்ப உங்க முழங்கால்?"

"அதான் சொன்னேனே, புத்தர் எங்க ஓடிடப் போறாரு?"