சிவப்புக் கோடு

ராட்டினத்துக்கு அனுமதிச் சான்று தர வந்த ஆய்வாளர் ஜமீலா கடைசி விதியை வாசித்தார்: ஆய்வாளரே ஒரு சுற்று ஏறிப் பார்க்க வேண்டும். அன்று மாலை பொருட்காட்சி திறப்பு. ஆனால் ராட்டினம் ஓட்டும் சந்தியாகு கதவைத் திறக்காமல், பலகையில் தான் போட்டிருந்த சிவப்புக் கோட்டைக் காட்டினார். அந்த உயரம் இல்லாதவர்கள் ஏறக் கூடாது.

ஜமீலா பலகையோடு ஒட்டி நின்றார்.

“செருப்பைக் கழட்டிருங்க மேடம்.”

கழற்றினார். சந்தியாகு அவர் தலைமேல் அளவுகோலை வைத்து அழுத்தினார். “கோட்டைத் தொடுறது கொண்டைதாங்க. தலை ரெண்டு விரக்கடை கம்மி.”

“நான் ஏறலைன்னா இன்னைக்கு உங்க ராட்டினம் ஓடாது. தெரியும்ல?”

“தெரியும்ங்க.” சந்தியாகுவுக்கு வியர்த்துக் கொட்டியது. கை மட்டும் கதவின் கொண்டியை விடவில்லை.

ஜமீலா சிரித்துவிட்டார். ‘ஏறிப் பார்த்த அனுபவம்’ என்ற கட்டத்தில் ‘ஏற விடவில்லை’ என்று எழுதி, அதற்குக் கீழேயே அனுமதி முத்திரையை ஓங்கிக் குத்தினார். பிறகு கொண்டையை அவிழ்த்து, இன்னும் கொஞ்சம் உயரமாக முடிந்துகொண்டே பலகையைத் திரும்பிப் பார்த்தார்.