பிடியரிசிப் படிப்பு

“பெத்த தாய் கடலுக்கு அந்தப் பக்கம். வயசு பத்தொன்பது. பேச்சும் ஒழுங்கா வரல. இந்தப் புள்ளையப் படிக்க வைக்கலேன்னா நாம இத்தன பேர் இருந்து என்ன பிரயோசனம்?” என்று கேட்டார் லெட்சுமணன்.

இலங்கையில் கலஹாப் பக்கத்துக் கோப்பித் தோட்டம் ஒன்றில், கோப்பிக்கொட்டை அடுக்கும் ஸ்டோருக்குப் பின்னால், செவ்வாய்க்கிழமை வேலை விட்டதும் கூடிய கூட்டம் அது. கூலி வீட்டு வரிசையான லயம் ஒன்றுக்கு இருவராகப் பதினாலு பேர் வந்திருந்தார்கள். பதினாலு தலையும் ஆடின.

அவசரத்துக்குக் காரணம் ரத்தினம்மா. அவள் புருஷன் அழகையாவுக்கு இரண்டு வாரமாக வயிற்றோட்டம். காலையில் வேலைக்கு வந்தவர்களின் பேர் எடுக்கும் இடத்தில் போய், “அவருக்கு வயித்தால போகுதுங்க” என்று சொன்னாள். பேர் எழுதும் வெள்ளைக்காரச் சின்னத்துரைக்கு அதில் ‘போகுது’ மட்டும்தான் புரிந்தது. அழகையா தோட்டத்தை விட்டுப் போய்விட்டான் என்று பேர்ப் புத்தகத்தில் எழுதிவிட்டார்.

சொல்லாமல் தோட்டத்தை விட்டுப் போவது அந்தக் காலத்தில் குற்றம். ஓடிப்போனவனைப் பிடிக்கக் கண்டிக் கோர்ட்டில் வாரண்டு ஆயிற்று. ஓடிப்போனவனோ லயத்துப் பாயை விட்டு எழுந்திருக்க மாட்டாமல் கிடந்தான். இதோ இருக்கிறான் பாருங்கள் என்று காட்டினால், பிடித்துக் கொடுத்ததாக ஆகிவிடும். காட்டாவிட்டால் ஒளித்து வைத்ததாக ஆகிவிடும்.

தமிழ், இங்கிலீஷ் இரண்டு பாஷையும் தெரிந்தவர் தோட்டத்தில் கங்காணி ஒருவர்தான். அவருக்கும் அழகையாவுக்கும் ஆகாது. அவர் வெற்றிலையை வாயில் அடக்கிக்கொண்டு சும்மா இருந்துவிட்டார்.

“கங்காணிய விட்டா ரெண்டு பாஷையும் தெரிஞ்ச இன்னொரு ஆளு தோட்டத்துல இருக்கணும். அதுக்குத்தான் இந்தப் படிப்பு” என்றார் லெட்சுமணன். வீட்டுக்கு வீடு உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசி எடுத்து வைப்பது, அதை வாத்தியாருக்குக் கொடுப்பது என்று முடிவாயிற்று.

“படிக்கிற புள்ளையோட தேவைதான் மொதல்ல. நம்ம பவுசு, வாத்தியார் சௌகரியம் எல்லாம் அப்புறம். தப்பாச் சொன்னா யாரும் சிரிக்கக் கூடாது. அது கூச்சப்படும்” என்றார் அவரே.

“பெரம்பு?” என்று யாரோ கேட்டார்கள்.

“பெரம்பு ஆகவே ஆகாது!” பதினாலு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

“இன்னொண்ணு. வெளிய யாரும் பேரச் சொல்லாதீங்க, ‘புள்ள’ன்னே சொல்லுங்க. பெரியதொரை காதுல விழுந்தா அதுக்கு வேல போயிரும்.”

“புள்ள ஒத்துக்கிச்சாண்ணே?” என்றாள் ரத்தினம்மா.

“தலைய ஆட்டுச்சு. என்ன புரிஞ்சு ஆட்டுச்சோ.”

வாத்தியார் முத்துலிங்கம் கண்டியில் கோயிலடிப் பள்ளிக்கூடம் நடத்தி, பிள்ளைகள் இல்லாமல் மூடியவர், யாழ்ப்பாணத்துக்காரர். அரிசிக்கு வர ஒத்துக்கொண்டவரும் அவர் ஒருவர்தான்.

“இலக்கணத்திலை துவங்கினால் ஆறு வருஷத்திலை நல்லாக் கதைக்கும்” என்றார் வாத்தியார்.

“வாரண்டு ஆறு நாள்ல வருது வாத்தியாரே.”

“ஓம், அப்ப இலக்கணத்தை விடுவம்.”

“ஒங்களுக்கு இங்கிலீசு எப்பிடி?”

“ஒரு எழுத்தும் தெரியாது.”

“அது பரவாயில்ல” என்றார் லெட்சுமணன்.

புதன்கிழமை படிப்பு தொடங்கியது. எல்லோரும் லயத்துக்குப் போன பிறகு புள்ள நாலு பக்கமும் பார்த்துக்கொண்டு ஸ்டோருக்குப் பின்னால் வரும். கவிழ்த்த பெட்டி மேல் உட்காரும். வாத்தியார் கத்துவார், புள்ள அவர் வாயையே பார்த்துக்கொண்டிருக்கும். நாலு நாளில் வாத்தியாருக்குத் தொண்டை கட்டியதுதான் மிச்சம்.

அரிசிப் பானையிலும் தளர்ச்சி தெரிந்தது. சில வீடுகளில் பிடி அரைப்பிடியாயிற்று. ரத்தினம்மா மட்டும் இரண்டு பிடி போட்டாள். புருஷனுக்குக் கஞ்சி இறங்கவில்லை, அவன் பங்கும் இருந்தது.

ஞாயிறு மாலை. விடிந்தால் கோர்ட்டுச் சேவகன் வாரண்டோடு பேராதனை வழியாக மலையேறிவிடுவான். ரத்தினம்மா என்ன நினைத்தாளோ, அழகையாவைத் தோளில் சாய்த்து நடத்திக்கொண்டு நேரே படிப்பு நடக்கும் இடத்துக்கு வந்துவிட்டாள்.

“என்ன பிள்ளை இது?” என்றார் வாத்தியார், கட்டின தொண்டையோடு.

“நீங்க சொல்லிப் புரியல. அதான் பாடத்தையே கூட்டியாந்துட்டேன்.”

அழகையா கும்பிடக் கை தூக்கினான். தூக்கின கை பாதி வழியில் வயிற்றுக்குப் போயிற்று. இடுப்பு மடங்க, கோப்பிச் செடிகளின் பக்கம் ஓடினான். செடி வரைக்கும் கூடப் போக முடியவில்லை.

“வயித்தாலை…” என்று வாத்தியார் தன் வயிற்றைத் தொட்டுக் காட்டினார். பிறகு செடிப்பக்கம் கையை நீட்டினார். “…போகுது!”

யாரும் சிரிக்கவில்லை. அது கூட்டத்தில் போட்ட சட்டம். சட்டம் இல்லாவிட்டாலும் யாருக்கும் சிரிப்பு வந்திருக்காது. ரத்தினம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு நின்றாள்.

புள்ள செடிப்பக்கம் பார்த்தது. வாத்தியார் வயிற்றைப் பார்த்தது. ரத்தினம்மாவைப் பார்த்தது. பெட்டியை விட்டு மெல்ல எழுந்தது. தலையில் இருந்த தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தது. ஐந்து நாளில் முதல் தடவையாக அது வாயைத் திறந்தது.

“ரத்தினம்மா… பேர்ப் புத்தகத்திலை பிழையா எழுதினது நான்.”